அத்தான் பட்டறையில் லாரி

மேட்டில் ஏறும்போதெல்லாம் லாரி பின்னால் வெள்ளையாகப் புகை தள்ளியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் குமிழி விட்டது. ஆயில் மூடியின் உட்பக்கம் பால் காப்பி நிறத்தில் ஒரு பிசுபிசுப்பு. லாரிக்காரனுக்கு நோய் புரிந்துவிட்டது. எஞ்சினுக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட் போய்விட்டது. தண்ணீர் உள்ளே கசிகிறது.

"அத்தான்கிட்ட கொண்டு போலாங்க," என்றாள் மனைவி. "இந்தக் கிழட்டு எஞ்சினை அவரை விட்டா யாரு தொடுவாங்க?"

அந்தப் பேச்சுதான் அவனுக்கு ஆகாது. அத்தான் என்பது அவளுடைய அத்தை மகன், ஊரின் மறுகோடியில் பட்டறை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் அவளுக்கென்று பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. அந்தப் பேச்சு ஏன் முறிந்தது என்று இவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கேட்காத கேள்வி கல்யாணமான நாளிலிருந்து இவன் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

"ஊர்ல வேற மெக்கானிக்கே இல்லையா? நானே பாத்துக்கறேன்."

ஓட்டை அடைக்கும் பவுடரை வாங்கி ரேடியேட்டரில் கொட்டினான். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, ஹெட் போல்ட்டுகளைக் கை வலிக்க முறுக்கினான். அடுத்த லோடு கூரை ஓடுகள். இருவரும்தான் போனார்கள், லோடுக்குப் போகும்போதெல்லாம் அவளும் கூடப் போவாள், பாதி தூரம் அவளே ஓட்டுவாள். பாலத்து ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சின் நாலு தடவை இருமிவிட்டு நின்றது. அவள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். அப்புறம் இவனைக் கேட்காமலே போன் போட்டாள்.

அத்தான் தானே இழுவை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாக, "என்ன குட்டை, வெயில்ல காயறே?" என்றார். அவள் சிரித்தாள்.

குட்டை! தன் மனைவிக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பதே லாரிக்காரனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பட்டறையில் அவள் விருந்தாளி மாதிரி உட்காரவில்லை. சின்ன வயதில் லீவு விட்டால் அத்தை வீடுதான், இந்தப் பட்டறைதான். எந்த ஸ்பேனர் எந்த ஆணியில் தொங்கும் என்பது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. அத்தான் கையை நீட்டுவார், வாயைத் திறக்குமுன் வேண்டிய ஸ்பேனர் அந்தக் கையில் இருக்கும். லாரிக்காரன் டயர் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெட்டைக் கழற்றி, அதன் மேல் இரும்புப் பட்டையை வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார் அத்தான். "வளைஞ்சிருக்கு. யாரு இதைக் கண்டபடி முறுக்கினது?"

"போன வாரம் ஒரு மெக்கானிக்கிட்ட விட்டோம், அத்தான். அரைகுறை," என்றாள் அவள், கண் இமைக்காமல்.

தனக்காகப் பொய் சொல்கிறாள். லாரிக்காரனுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. அத்தான் அவன் உள்ளங்கையில் உடைந்திருந்த கொப்புளங்களைப் பார்த்தார். "அந்த மெக்கானிக்குக் கையில மருந்து போடச் சொல்லு," என்றார். குளிர்ந்தது மறுபடி கொதித்தது.

ஹெட் லேத் பட்டறைக்குப் போய், வளைந்த முகம் சமமாகச் சீவப்பட்டு, மறுநாள் திரும்பி வந்தது. பழைய பிசிறைச் சுரண்டித் துடைத்து, புதுக் கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை உட்கார வைத்தார்கள். அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனரை அத்தான் அவளிடம் கொடுத்தார்.

"வரிசை ஞாபகம் இருக்கா?"

"நடுவுல ஒண்ணு, எதிர்ல ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். "கோணத்துல ஒண்ணு, கோடியில ஒண்ணு!" என்று இருவரும் ஒரே குரலில் முடித்தார்கள். சின்ன வயதுப் பாட்டு போலிருக்கிறது. சிரிப்பு அடங்கவே இல்லை.

லாரிக்காரன் எழுந்தான். "இவ்வளவு பொருத்தம் இருந்தா இவரையே கட்டியிருக்கலாமே?"

சிரிப்பு நின்றது. அவள் ஸ்பேனரைத் துணி மேல் மெதுவாக வைத்தாள். கையைத் துடைத்தாள். "மீதியை நீங்களே முறுக்குங்க," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

அத்தான் ஸ்பேனரை எடுத்து லாரிக்காரன் கையில் கொடுத்தார். பிறகு, "நடுவுல இருந்து வாங்க, தம்பி. பலத்தைக் காட்டாதீங்க. ஸ்பேனர் சத்தம் குடுத்தா நிறுத்திடுங்க," என்றார். லாரிக்காரன் முறுக்கினான். காது இரண்டும் சுட்டது.

கடைசி போல்ட் முடிந்ததும் அத்தான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் கட்டிக்கறேன்னுதான் சொன்னேன். அவதான் வேணாம்னுட்டா. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

ஆறுதலாக இருக்க வேண்டிய வார்த்தை. ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் இந்த மனுஷர் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறாரே என்பதுதான் லாரிக்காரனைக் குடைந்தது.

வீட்டில் அவள் முகம் கொடுக்கவில்லை. தட்டு வந்தது, தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை.

"என் வாயில புத்தி இல்ல," என்றான் கடைசியில். "தப்புதான். ஆனா ஏன் வேணாம்னே? அதை மட்டும் சொல்லிடு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்தை ஒரு நாள் கூப்பிட்டு வச்சுச் சொன்னாங்க. கல்யாணம் ஆயிட்டா பட்டறைக்குள்ள கால் வைக்கக் கூடாது, மருமக வீட்டோட இருக்கணும்னு. நீங்க பொண்ணு பாக்க வந்தப்போ என்ன கேட்டீங்க? வண்டி ஓட்டத் தெரியுமான்னு கேட்டீங்க. தெரியாதுன்னேன். கத்துக்கறியான்னீங்க. அவ்வளவுதான்."

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"இதை அத்தான்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், பெத்தவங்க மேல வருத்தப்படுவாரு."

பாவமாம். இனித்துக்கொண்டே வந்த மனசில் அந்த ஒரு சொல் கல்லாகக் கடிபட்டது.

சில லோடு ஓடியதும் போல்ட்டுகளை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று அத்தான் சொல்லியிருந்தார். லாரிக்காரன் தனியாகப் போனான். வேலை முடியும்வரை அத்தான் வண்டியைப் பற்றி மட்டும்தான் பேசினார். தண்ணீர் குறையவில்லை, ஆயில் சுத்தம், இனி பயமில்லை. இவன் ஏறி உட்கார்ந்த பிறகு கதவருகே வந்து நின்றார்.

"ஏதாவது சொன்னாளா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. அவர் கண்ணில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்க்க இவனுக்கே சகிக்கவில்லை. "ஒண்ணும் சொல்லல," என்று வண்டியைக் கிளப்பினான்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கேட்டாரா?"

"கேட்டாரு. ஒண்ணும் சொல்லலேன்னுட்டேன்."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது தனக்காகவா, அவருக்காகவா என்று லாரிக்காரன் அந்த முகத்தையே பார்த்தபடி நின்றான்.

"என்ன பாக்கறீங்க? இந்தாங்க, அந்த நுனியைப் பிடிங்க," என்று போர்வையின் ஒரு பக்கத்தை அவனிடம் நீட்டினாள்.