முன்வரிசையில் ஒரு சக்கர நாற்காலி

செருப்புக் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, விழாக் கமிட்டித் தலைவர் டீ-ஷர்ட் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். முதுகில் ‘நடைத் திருவிழா’, நெஞ்சில் அவர் கடையின் பெயர். விடிந்தால் விழா. அந்த நேரத்தில் அவருடைய அக்கா வலது காலை இழுத்து இழுத்து வந்து, வாடிக்கையாளர்கள் செருப்புப் போட்டுப் பார்க்கும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

“தம்பி, அடுத்த வாரம் காலை எடுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எலும்புக்குள்ள சீழ் பிடிச்சிருச்சாம். நாளைக்கு நான் முன்னாடி நடக்கட்டுமா? கடைத்தெரு முனை வரைக்கும் போதும். கொஞ்ச தூரம்னா நடக்கலாம்னு டாக்டரும் சொன்னாரு.”

தலைவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். “நீ இல்லாம விழாவா அக்கா? நீதான் முதல் ஆளு” என்றார். சொன்னபோது மனதாரத்தான் சொன்னார். சொல்ல என்ன செலவா ஆகிறது?

அந்த விழா பிறந்ததே அவள் காலில்தான். தையல்காரியான அவள் பேருந்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, தினமும் நடந்தால்தான் கால் பிழைக்கும் என்றார்கள். தெருப் பிள்ளைகள் அவளைப் போலவே நொண்டிக் காட்டிச் சிரித்ததால் அவள் வாசலைத் தாண்ட மறுத்தாள். தம்பியும் பக்கத்து வீட்டு ரொட்டிக்கடைக்காரரும் அவளுக்குப் பின்னால் நடந்தார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: யார் மெதுவோ அவர்தான் முன்னால், அவரை யாரும் தாண்டக் கூடாது. ஒருவர் சிரித்தால் மூன்று பேர் திரும்பி முறைப்பார்கள் என்பதால் சிரிப்பு நின்றது. ரத்தக் கொதிப்புக்காரர்கள் வந்தார்கள், பிள்ளை பெற்று உடம்பு பெருத்தவர்கள் வந்தார்கள், வீட்டில் பேச ஆளில்லாதவர்களும் வந்தார்கள். தெரு நடை ஊர் நடையாகி, வருடத்துக்கு ஒரு நாள் விழாவும் ஆனது.

விழா என்றால் மைக் வேண்டும், மைக் என்றால் கமிட்டி வேண்டும், கமிட்டி என்றால் தலைவர் வேண்டாமா? தம்பி தலைவரானார். பிறகு பிரமுகர்கள் முன்னால் வந்தார்கள். வேகமானவர்கள் அவர்களுக்கு அடுத்து. மெதுவானவர்களைப் பின்னால் போகச் சொன்னார்கள். போன வருடம் அவர்களை நேராக நடை முடியும் மைதானத்துக்கே வந்து உட்காரச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் தந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். அவளே தைத்த புதுச் சட்டை. சிறப்பு விருந்தினராக வந்த மருத்துவமனை முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கமிட்டிச் செயலாளர் தலைவரின் காதைக் கடித்தார்.

“அம்மா இழுத்து இழுத்து நடந்தா இவ்வளவு கூட்டமும் நின்னு நின்னு வரணுமே தலைவரே? விருந்தினருக்கு வேற நிகழ்ச்சி இருக்காம். நன்கொடையா வந்த வீல்சேர் ஒண்ணு இருக்கு. அதுல உட்கார வெச்சுட்டா?”

தலைவரின் முகம் மலர்ந்தது. வாக்கும் போகாது, விருந்தினரும் போக மாட்டார்.

“உட்காரு அக்கா. முதல் ஆளா நீதான் போற. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் பாரு.”

“நான் நடக்கணும்னுதானேடா கேட்டேன்?”

“எல்லாம் ஒண்ணுதான் அக்கா. மானத்த வாங்காத, எல்லாரும் பாக்கறாங்க.”

பின்னால் வந்து முட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட அவள் எழப் பார்த்தாள். தலைவர் அவள் தோளில் கை வைத்து அழுத்தினார். முகத்தைக் கேமராவுக்குக் காட்டிச் சிரித்தார். நடையை ஆரம்பித்து வைத்தவளை, நடப்பதற்கென்றே பிறந்த விழாவில், உட்கார வைத்துத் தள்ளினார்கள். விருந்தினரும் படத்துக்காகக் கொஞ்ச தூரம் தள்ளினார். அவள் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. “ஆனந்தக் கண்ணீர்! பாருங்கள், ஆனந்தக் கண்ணீர்!” என்று மைக் அலறியது. கூட்டம் கைதட்டியது.

படம் எடுத்து முடிந்ததும் விருந்தினர் காரில் ஏறினார். நாற்காலியை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். அவள் சுவரைப் பிடித்து எழுந்து நாலடி வைத்தாள். பின்னால் வந்த கூட்டம் இடித்துக்கொண்டு அவளைத் தாண்டியது. விசிலோடு வந்த தொண்டன், “ஓரமா நில்லும்மா, வழிய மறிக்காத” என்றான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது; யாரும் அவனுக்குச் சொல்லவுமில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் தலைவர் மருத்துவமனைக்குப் போனார். வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் பேச்சை ஆரம்பித்தார்.

“கவலைப்படாத அக்கா. அடுத்த வருஷம் உன்னத்தான் முன்னாடி நடக்க...”

வாய் அங்கேயே நின்றுவிட்டது. தான் பறித்தது என்னவென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் போல அழுதார். அக்கா அழவில்லை.

“மெதுவா வர்றவங்களுக்காக ஒரு காரியத்த ஆரம்பிச்சோம். அது பெருசாச்சு, சந்தோஷம். ஆனா பெருசானதும் மெதுவா வர்றவங்களே இடைஞ்சலாத் தெரிஞ்சாங்க பாரு, அன்னிக்கே அது செத்துப்போச்சுடா. யாருக்காக ஆரம்பிச்சோமோ அவங்கள ஓரங்கட்டிட்டு எவ்வளவு பெருசா வளர்ந்தாலும் அது வளர்ச்சி இல்ல. இப்ப நீ நடத்துறது விழா இல்ல, பொண ஊர்வலம்.”

“நான் என்ன செய்யட்டும் அக்கா? சொல்லு, எதுன்னாலும் செய்யறேன்.”

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இந்தக் காலை உன்னாலயும் தர முடியாது, டாக்டராலயும் தர முடியாது. ஒரு தெரு கேட்டேன். அத நீ தந்திருக்கலாம்.”