ஓலை வாசிக்கட்டும்

டெபோராவுக்குப் பக்கவாதம் வந்தபோது வயது நாற்பத்தாறு. பொழிச்சலூரில் அண்ணன் ஜாய்சன் வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். பம்மலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. மனைவியை இழந்த சாலமோனை மணக்க அப்போதுதான் சம்மதித்திருந்தாள். ஒருநாள் காலை பல் துலக்கும்போது வலது கை தொங்கிப்போனது, வாய் கோணியது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தாள்.

சில வாரங்களில் கைத்தடியோடு நடந்தாள். பேச்சு மட்டும் தடுக்கித் தடுக்கி வந்தது.

தாம்பரத்தில் டாக்டரைப் பார்க்கப் போனபோது, அவள் அங்கே இல்லாததுபோல ஜாய்சன் கேட்டான்.

“எவ்ளோ வருஷம் சார் இருப்பா? கல்யாணத்தை நிறுத்திடலாம்னு பாக்கறோம்.”

டெபோரா மேஜையைத் தட்டினாள். “என்... கிட்ட சொல்லுங்க.”

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “இத்தனை வருஷம்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. மறுபடி வர்ற ஆபத்து முதல் வருஷம் அதிகம். மாத்திரையை விடாதீங்க, பிரஷரைக் கட்டுக்குள்ள வெச்சுக்கோங்க. இருபது, முப்பது வருஷம் வாழ்றவங்களும் இருக்காங்க.”

“போதும்” என்றாள்.

அன்று மாலை சாலமோன் வந்தான். பெருங்களத்தூரில் ஏசி மெக்கானிக். முதல் மனைவி சாகும்வரை படுக்கையில் வைத்துப் பார்த்தவன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“பயமா கீது டெபோரா. இன்னொரு தபா அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

டெபோரா கைத்தடியால் வாசலைக் காட்டினாள்.

“பயம்னா... போங்க. பாவம்னு வராதீங்க. நான்... நர்ஸ் தேடல.”

அவன் எழுந்து போய்விட்டான்.

“வுடு. இனிமே வூட்ல நிம்மதியா இரு” என்றான் ஜாய்சன்.

திங்கட்கிழமை அவள் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனாள். இடது கையால் டைப் அடித்தாள். எரிச்சலில் ஒருமுறை கீபோர்டைக் குத்தினாள், பிறகு தொடர்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பள்ளி வாசலில் சாலமோன் நின்றிருந்தான்.

“பயம் இன்னும் போகல” என்றான்.

“எனக்கும்... போகல.”

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நம்ம கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கலாமானு ஆயர் கேக்கறாரு.”

“வாசிக்கட்டும்.”

ஜூலையில் கல்யாணம். சர்ச் வாசலில் கையைப் பிடிக்க வந்த ஜாய்சனிடம், “கூட வாண்ணா. பிடிக்காதே” என்றாள்.

உறுதிமொழியின்போது ஆயர் குனிந்து, “சுருக்கமா சொன்னாலும் போதும்மா” என்றார்.

“முழுசா... சொல்றேன்.”

மரணம் பிரிக்கும்வரை என்ற இடத்தில் நாக்கு சிக்கியது. அவள் மூச்சு வாங்கி, வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்கினாள். சாலமோன் காத்திருந்தான்.