ஜீவரட்ணம் ஆடாத ஆட்டங்கள்

ஜோனாஸின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தபிதா தேவாலயக் குசினிக்குள் நுழைந்தாள். சாப்பாட்டுத் தட்டுகளில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அப்பாவின் அடக்க ஆராதனை தொடங்க அதிக நேரமில்லை.

"நீங்கள் என்ன பேசப் போகிறீர்கள்?" என்று டேனிஷில் கேட்டாள்.

ஜோனாஸ் டென்மார்க் ஆண்கள் ஹொக்கி அணியின் பழைய தலைவர். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். "உண்மையைத்தான். ஜீவா எட்டு வருடம் எங்கள் அணியில் இருந்தார். ஒரு நிமிடம்கூட ஆடவில்லை."

"அதைத்தான் சொல்ல வேண்டாம் என்கிறேன்."

ஹோர்சன்ஸ் நகரத் தமிழருக்குள் அப்பா ஜீவரட்ணம் என்றால் டென்மார்க்குக்கு விளையாடினவர். அந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டவர் தபிதாவின் மாமா அமிர்தசீலன். மாமாவுக்கு எதையும் சின்னதாகச் சொல்ல வராது. மச்சானை அணியில் எடுத்திருக்கிறார்களாம் என்று கேள்விப்பட்ட அடுத்த ஞாயிறே, கோலுக்குள் நின்று ஜெர்மனியை மறித்ததாகச் சபை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

பதினாலு வயதில் தபிதா இணையத்தில் தேடிப் பார்த்தாள். ஒரு ஆட்டத்திலும் அப்பாவின் பெயர் இல்லை. சண்டைக்குப் போனாள்.

"நான் எங்கை பிள்ளை சொன்னனான்? மாமாதான் சொன்னவர்" என்றார் அப்பா. "கொம்மா சந்தோசப்படுறா. விடு."

அவர் மாற்றுக் கோல்காப்பாளர். முதல் ஆளுக்குக் காயம் பட்டால்தான் இவருக்கு இடம். அந்தப் பாவி மனுசனுக்கு எட்டு வருடத்தில் ஒரு சுளுக்குக்கூட வரவில்லை.

அம்மா அருள்மலர் இன்றைக்கும் அந்தக் கதையில்தான் தலை நிமிர்ந்து முன்வரிசையில் இருக்கிறாள். பெட்டிக்கு முன்னால், ஊர்ச் சனத்துக்கு நடுவில், அது உடையக் கூடாது. தபிதாவுக்கு அந்தப் பயத்தில் அழுகைகூட வரவில்லை.

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் ஜோனாஸ். "தமிழில் சொல்லப் போவது நீ. உன் விருப்பம்."

அம்மாவின் டேனிஷ் கடைக்கும் டாக்டருக்கும் காணும், மேடைப் பேச்சுக்குக் காணாது. அதனால் பாஸ்டர் தபிதாவை ஜோனாஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பின்வரிசையில் ஜோனாஸோடு வந்த பழைய ஆட்டக்காரர்கள் கறுப்புக் கோட்டில் நிரையாக இருந்தார்கள்.

"ஹொக்கியில் டென்மார்க் சின்ன நாடு" என்று தொடங்கினார் ஜோனாஸ். "நூறு வருடத்துக்கு முந்தி ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் ஆட்டத்தை எங்கள் மனைவிமாரே பார்க்க வரவில்லை."

தபிதா தமிழில் சொன்னாள். சனம் சிரித்தது.

"ஜீவா ஒரு ஆட்டமும் ஆடவில்லை. முதல் கோல்காப்பாளருக்குக் காயம் படக் கூடாதென்று அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, பயிற்சியில் நாங்கள் அடித்த பந்தெல்லாம் ஜீவாவுக்குத்தான்."

தபிதா வாயைத் திறந்தாள். நடுவரிசைகளில் டேனிஷில் படித்த இளசுகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்றிச் சொல்ல ஒரு வசனமும் வரவில்லை.

"அப்பா ஒரு மட்சும் விளையாடேல்லை" என்றாள். மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

மாமா குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். அம்மா எழும்பினாள்.

"அப்ப அந்தக் கண்டல் எல்லாம்?"

சனிக்கிழமைகளில் அப்பா அணியோடு போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றுவார். கறுத்துக் கண்டிப்போன இடமெல்லாம் சித்தாலேப தைலம் பூசிவிடுவது அம்மாதான். தபிதா கேள்வியை டேனிஷில் சொன்னாள்.

ஜோனாஸ் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். "இது நான்."

பின்னாலிருந்து ஒரு மொட்டைத்தலை எழும்பியது. "விலா. நான் அடித்தது."

"தொடை" என்றார் இன்னொருவர், எழும்பாமலே.

இதற்கு அம்மாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மொட்டைத்தலையரைத் திரும்பிப் பார்த்தாள். "விலாவோ? ரெண்டு கிழமை புரண்டு படுக்கேலாமல் கிடந்த மனுசன்! நான் ஜெர்மன்காரனையெல்லோ திட்டினனான்."

யாரும் சிரிக்கவில்லை. தபிதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பாஸ்டர் அவசரமாகப் பாட்டைத் தொடக்கினார்.

பாட்டு முடிய, பெட்டி தூக்குகிற ஆறு பேரையும் வரச் சொன்னார்கள். மாமா முதல் ஆளாகப் போய்த் தலைமாட்டில் கைப்பிடியைப் பிடித்தார்.

"அண்ணை, விடுங்கோ" என்றாள் அம்மா. "அடிச்சவை தூக்கட்டும்."

தபிதா அதை மொழிபெயர்க்கவில்லை. பின்வரிசையைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினாள். ஜோனாஸோடு அவர்களில் ஐந்து பேர் வந்தார்கள். மாமா கைப்பிடியை விட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டார்.

வெளியே மழை தூறியது. வாசற்படி ஈரத்தில் வழுக்கியது. ஆறு பேரும் ஒன்றாக நின்று, ஒன்றாகக் கால் வைத்தார்கள். பெட்டிக்குப் பின்னால் போன அம்மா, தனக்குத் தெரிந்த டேனிஷில், மெல்ல, மெல்ல என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.