கடைசிப் பக்கத்தில் எழுந்தவள்

வீட்டில் மூத்தவளுக்கு வக்கீல் என்று பெயர். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறாள் என்று பஸ் ஓட்டும் அப்பா வைத்த பெயர். பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் அது அவளை விடவில்லை. இளையவள் குருவி, ஏழு வயது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சக்கர நாற்காலியை நாற்காலி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, 'என் வண்டி' என்பாள். வீட்டுக்குள் முனை திரும்பும்போது வாயாலேயே ஹாரன் அடிப்பாள்.

விவகாரம் நூலகத்தில்தான் ஆரம்பித்தது. குருவி எடுத்துப் போன படப் புத்தகங்கள் எல்லாம் கிறுக்கலோடு திரும்பி வருகின்றன என்று நூலகர் சொல்லி அனுப்பினார். அம்மாவால் தையற்கடையை விட்டு நகர முடியவில்லை, அதனால் வக்கீல் குருவியைக் கூட்டிக்கொண்டு போனாள். மேசைமேல் விரித்து வைத்திருந்த புத்தகங்களில் இளவரசி, முயல்குட்டி, மீன்காரர் மகள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருடைய காலுக்கடியிலும் பேனாவால் இரண்டு சக்கரம் போட்டிருந்தது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்குக் குருவி, "எல்லாரும் நடந்துக்கிட்டே இருக்காங்கக்கா. யார்கிட்டயும் வண்டி இல்ல" என்றாள்.

திட்டத் தயாராகப் போனவள் திட்டவில்லை. அன்று மாலை முழுக்கக் குழந்தைகள் அலமாரியைக் கவிழ்த்துப் பார்த்தாள். கறுப்பான பிள்ளை வந்தால் திருடனாக வந்தது. கண்ணாடி போட்டவன், மற்றவர்கள் சிரிப்பதற்காக வழுக்கி விழுந்தான். சக்கர நாற்காலி ஒரே ஒரு படத்தில் இருந்தது. அதில் கழுத்துவரை போர்வை போர்த்திய ஒரு நோயாளித் தாத்தா உட்கார்ந்திருந்தார்.

வகுப்புத் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு அந்தப் புத்தகங்களைப் போட்ட பதிப்பகத்தின் வாசலில், வண்டியில் போகும் பிள்ளைகளும் புத்தகத்தில் வேண்டும் என்று எழுதிய அட்டையைப் பிடித்து நின்றாள். முதலில் காவலாளி விரட்டினார். பிறகு பழகிப்போய், வெயிலாக இருக்கிறது, நிழலுக்கு வந்து நில்லுங்கள் என்றார். அவர்கள் நிற்கும் படம் கைபேசிகளில் பரவிய பிறகு பதிப்பாசிரியரான அம்மையார் உள்ளே கூப்பிட்டார். ஜூஸ் வந்தது. குருவியைப் போன்ற ஒரு பெண்ணை வைத்துப் புத்தகமே போடுவதாக அவர் சொன்னபோது வக்கீலுக்கு வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

ஓவியர் வீட்டுக்கே வந்தார். குருவி அவருக்கு வண்டி ஓட்டிக் காட்டினாள். வாசற்படியில் முன்சக்கரத்தைத் தூக்குவது எப்படி, சரிவில் பிரேக் பிடிப்பது எப்படி என்று பாடமே நடத்தினாள். கைப்பிடியில் சுற்றியிருந்த நீல டேப்பைக்கூட அவர் விடாமல் வரைந்தார். அம்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

வெளியீட்டு விழா அதே நூலகத்தில் நடந்தது. குருவியை முன்வரிசையில் வைத்தார்கள். பதிப்பாசிரியர் பக்கம் பக்கமாகத் திரையில் காட்டி வாசித்தார். புத்தகப் பெண் குருவியே தான். அதே டேப், அதே கலைந்த முடி. அவள் காணாமல்போன ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனாள், பாலத்தைக் கடந்தாள். கடைசிப் பக்கத்தில், நல்ல மனசுக்குப் பரிசாக அவள் கால்களுக்கு உயிர் வந்தது. எழுந்து ஓடினாள். வண்டி ஒரு மரத்தடியில் காலியாகக் கிடந்தது.

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குருவி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "அவளுக்கு எந்த டாக்டரும்மா?"

வக்கீல் பதிப்பாசிரியரை ஓரமாக மடக்கினாள். குழந்தைகள் புத்தகம் நம்பிக்கையாக முடிய வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் வாங்க மாட்டார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"அவ வண்டியில இருந்தா நம்பிக்கை இல்லன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க மேடம்?"

பதிப்பாசிரியர் அவள் தோளைத் தொட்டார். "நீ கேட்டதைத் தானேம்மா செஞ்சோம்" என்றார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

ஓவியர் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தார். பிடித்துக் கேட்டதும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். புத்தகப் பெண் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மழைத் தண்ணீரைத் தெறிக்கவிட்டபடி வண்டியில் வீடு திரும்புகிறாள். இதைத்தான் முதலில் வரைந்தாராம். விற்பனைப் பிரிவு மாற்றச் சொன்னதாம். இனி அது அவர் கையில் இல்லை.

மறுபடி வாசலில் நிற்கலாம் என்று வக்கீல் தோழிகளைக் கூப்பிட்டாள். விழாப் படங்களுக்கு வாழ்த்து குவிந்துகொண்டிருந்தது. ஒன்றுமே இல்லாததற்கு இதாவது வந்ததே, கேட்டதைக் கொடுத்த பிறகும் குறை சொன்னால் நம்மைத்தான் திட்டுவார்கள் என்றார்கள் தோழிகள். ஒருத்திக்குப் பரீட்சை, இன்னொருத்தியை வீட்டில் விடவில்லை. வக்கீல் தனியாகப் போய் நின்றாள். ஒருவரும் படம் எடுக்கவில்லை. நீங்கள்தான் ஜெயித்துவிட்டீர்களே என்று காவலாளி கேட்டார். அவள் அட்டையை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

புத்தகம் குருவியின் பள்ளிக்கும் போனது. நீ எப்போது எழுந்திருப்பாய் என்று வகுப்புப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்டார்கள். அவளுக்கு உதவுவதாக நினைத்து இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்ததில் கீழே விழுந்து முழங்கை சிராய்த்தது. அதன்பிறகு வீட்டில் அவளே எழுந்து நிற்கப் பழக ஆரம்பித்தாள். சமையல் மேடையைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பாள், பிடி நழுவிச் சரிந்துவிடுவாள். அம்மா தூக்கி உட்கார வைப்பாள். மறுநாள் காலையிலும் அதே கூத்து. அப்பா அதைப் பார்க்கப் பிடிக்காமல் சீக்கிரமே பஸ் டிப்போவுக்குக் கிளம்பிப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருவி தரையில் கிடந்தபடியே கேட்டாள். "நான் நல்ல பிள்ளை இல்லையாக்கா?"

வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் சொல்ல வேண்டி வராத ஒன்றை அவள் சொன்னாள். "நீ நல்ல பிள்ளைதான்டி. ஆனா நீ நடக்க மாட்டே. எப்பவுமே."

குருவி அழவில்லை. சமையல் மேடையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப அது என் புக் இல்ல" என்றாள்.

வக்கீல் அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்து, இரண்டு கால்களையும் மிதிபலகையில் எடுத்து வைத்தாள். குருவி நூலகத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். அந்தப் புத்தகம் நன்றாக விற்றது. அடுத்த பதிப்பின் பின்னட்டையில், விழாவில் எடுத்த படத்தில், முன்வரிசையில் அவள் இருந்தாள்.