மரம்தான் சார், மரம்

சுங்க மதிப்பீட்டு அதிகாரி தரைப்பலகைத் துண்டை மேசைமேல் வைத்து நகத்தால் கீறினார். கோடு விழவில்லை. அலமாரிச் சாவியை எடுத்து அழுத்திக் கீறினார். அப்போதும் விழவில்லை.

"பாருங்க மேடம். மரமா இருந்தா இந்நேரம் கீறல் விழுந்திருக்கும். இது பிளாஸ்டிக்."

"மேல் பூச்சு மட்டும்தான் சார் அப்படி. கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பிப் பாருங்க. உள்ள பூரா மரம்."

அவர் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராக வைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிடலாம்" என்றார்.

பாப்பாவுக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கப்பலில் வரும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். இந்த அறையில் கத்தினால் அடுத்த சரக்குக்கும் இதே நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். நாற்பது தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். வெளியே மேடம்.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. அதன்மேல் மர ரேகை அச்சடித்த காகிதம். அதற்கும் மேலே மெல்லிய பிசின் பூச்சு. மர நார்ப் பலகை என்றால் வரி ஒரு மாதிரி. பிளாஸ்டிக் தரை என்றால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதிகாரி கெட்டவரும் இல்லை, லஞ்சத்துக்குக் கை நீட்டுகிறவரும் இல்லை. அவருக்கு இருந்தது பயம்.

"நான் மரம்னு கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்குத் தணிக்கையில என்னைத்தான் பிடிச்சு உலுக்குவாங்க மேடம். பிளாஸ்டிக்குன்னு போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."



வேறு யாருடைய சரக்காகவாவது இருந்திருந்தால் இந்த இழுத்தடிப்பை அவள் தாங்கியிருப்பாள். இது அண்ணனுடையது. இன்னொருவர் கடையில் காலமெல்லாம் தரை போட்டுக்கொடுத்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக முதல் கண்டெய்னரை இறக்கியிருந்தான். முதல் வாடிக்கையாளர் ஒரு பிசியோதெரபி அம்மா. பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுக்கும் கூடம் அவருடையது. அண்ணன் கொடுத்த வாக்கை நம்பிப் பழைய தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டார். நோயாளிகள் நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தின் பதில் ஒரு வழியாக வந்தது. 'மர நாரும் உள்ளது, பிளாஸ்டிக் பிசினும் உள்ளது.'

"இதைத்தானே சார் நானும் முதல் நாளே சொன்னேன்?"

"அதான் மேடம் குழப்பமே" என்றார் அதிகாரி, நிஜமான வருத்தத்தோடு. "மேலிடத்துல ஒரு விசாரணை கேட்டு வாங்கிக்குங்க."

சாயங்காலம் அண்ணன் அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றான்.

"இன்னும் எத்தனை நாள் பாப்பா?"

"விசாரணைக்குத் தேதி கேட்டிருக்கேண்ணா."

"தேதி, தேதி. உன்னை நம்பித்தானே இறக்கினேன்? அந்த பிசியோ அம்மா ஆர்டரே வேண்டாம்னுட்டாங்க. காத்திருந்து அலுத்துப்போய், உருட்டி விரிக்கிற பிளாஸ்டிக் தரையை வாங்கிப் போட்டுட்டாங்களாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்குவதற்குள் வெளியே வந்துவிட்டது. அண்ணன் முகம் சுருங்கியது.

"உனக்குச் சிரிப்பா இருக்கு."

"இல்லண்ணா, நான் அதுக்குச் சிரிக்கல..."

அவன் படியிறங்கிப் போய்விட்டான். கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் அண்ணிதான் எடுத்து, "அவர் யாரோடவும் பேசறதில்ல பாப்பா, சாப்பாட்டையும் ஒழுங்கா தொடறதில்ல" என்றாள். சொல்ல இன்னும் ஏதோ இருப்பதுபோல் இழுத்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

விசாரணை துணை ஆணையரின் அறையில். நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட பெண்மணி. மதிப்பீட்டு அதிகாரி ஒரு பக்கம், பாப்பா இன்னொரு பக்கம். அவள் பேச வாயெடுப்பதற்குள் துணை ஆணையர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். உங்க இம்போர்ட்டர் நேத்து என்னை வந்து பார்த்தார். பிளாஸ்டிக்குன்னே ஒத்துக்கறேன், சரக்கை விட்டாப் போதும்னு சொன்னார். நீங்க இன்னைக்கு மரம்னு வாதாட வந்திருக்கீங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

இம்போர்ட்டர் என்றால் அண்ணன். இத்தனை நாள் படியேறி இறங்கியது, பழைய தீர்ப்புகளைத் தேடித் தேடிப் படித்தது எல்லாவற்றையும் அவன் ஒரே நடையில் வந்து கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போனால் அவன் சொன்னதே நிலைத்துவிடும்.

"அவர் என் கூடப் பிறந்த அண்ணன் மேடம். முதல் சரக்கு. பொறுக்க முடியாம சொல்லிட்டார்" என்றாள். "அவர் என்ன சொன்னாலும் பலகை அதே பலகைதான். மேல இருக்கிற பூச்சைச் சுரண்டி எடுத்துடுங்க. சீக்கிரம் தேயும், அழகா இருக்காது, ஆனா அது மேல நடக்கலாம். உள்ள இருக்கிற பலகையை எடுத்துடுங்க. கையில மிஞ்சறது ஒரு தாள். அது மேல யார் நடப்பாங்க?"

துணை ஆணையர் பலகைத் துண்டை எடுத்து விளிம்பை விரலால் தடவினார். மதிப்பீட்டு அதிகாரியைப் பார்த்தார். "நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன். உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"நீங்க போட்டா எனக்கென்ன மேடம்!" என்றார் அவர். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பாப்பா அதுவரை பார்த்ததில்லை.

மர நார்ப் பலகை என்று முடிவாயிற்று. அத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் அவள் சரக்கை விடுவிக்கும் கவுன்ட்டருக்குப் போனாள். அங்கிருந்தவர் உத்தரவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மரம்னு போட்டிருக்கே. அப்போ பூச்சி, நோய் இல்லன்னு தாவரப் பாதுகாப்பு அலுவலகத்துல சான்று வாங்கிட்டு வாங்க."

அவள் உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

தாவரப் பாதுகாப்பு அலுவலகம் துறைமுகத்தின் மறுகோடியில் ஒரு தகரக் கூரைக் கட்டடம். அங்கே இருந்த இளம் அதிகாரி பலகையை முகர்ந்து பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார், சிரித்தார்.

"இதுல எந்தப் பூச்சி உயிரோட இருக்கும்? கொதிக்க வச்சு, அரைச்சு, அழுத்தி எடுத்திருக்காங்க. இது மரமே இல்லீங்க. 'இது மரம் அல்ல'ன்னு எழுதித் தரேன், கொண்டு போங்க."

"ஐயோ, வேண்டாம் சார்!" பாப்பா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதிடாதீங்க. மரம்னு நிரூபிச்சு இப்பதான் வெளிய வரேன்."

"மரம் இல்லாததை மரம்னு எழுதச் சொல்றீங்களா?"

"அப்படியும் வேண்டாம். அது மரமா இல்லையான்னு நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். பதப்படுத்தின பொருள், சோதனை தேவையில்லைன்னு மட்டும் எழுதுங்க சார். அது உண்மைதானே?"

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளைச் சற்றுநேரம் பார்த்தார். அழுதுவிடுவாள் என்று தோன்றியிருக்க வேண்டும். "உண்மைதான்" என்று சொல்லி, அவள் சொன்னபடியே எழுதினார்.

கண்டெய்னர் அண்ணனின் கிடங்குக்கு வந்த அன்று அவளும் போனாள். சுமை இறக்குபவர்கள் அட்டைப்பெட்டிகளைத் தோளில் வைத்து உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். கண்டெய்னர் கதவோரம் இருந்த சில பெட்டிகளில் ஈரம் ஏறிப் பலகைகள் உப்பியிருந்தன. மற்றவை நன்றாகவே இருந்தன. அண்ணன் ஒரு பெட்டியைப் பிரித்து, பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல." குனிந்தபடியே இருந்தான். "தூக்கம் வரல பாப்பா. எவ்வளவு போனாலும் போகட்டும், முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

"எனக்கு மட்டும் தூக்கம் வந்துச்சா?"

அவன் பலகையைப் பெட்டிக்குள் வைத்தான். மன்னிப்புக் கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாளா என்பதும் அவளுக்குத் தெளிவாக இல்லை. பெட்டியை மூடிக்கொண்டே, "அடுத்த கண்டெய்னருக்கு..." என்று ஆரம்பித்தான்.

"அடுத்ததுக்கு வேற ஏஜெண்டைப் பாருண்ணா. நான் உனக்குத் தங்கச்சியா மட்டும் இருந்துக்கறேன்."

வெளியே லாரியின் நிழலில் போய் நின்றாள். அண்ணி பின்னாலேயே வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அன்னைக்கு அவர் சுங்க ஆபீசுக்குக் கிளம்பும்போதே எனக்குத் தெரியும் பாப்பா. போன்ல சொல்லணும்னுதான் நினைச்சேன்."

"விடுங்க அண்ணி."

பாப்பா அந்தத் தண்ணீரை முழுவதும் குடித்து முடித்தாள். கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. ஓட்டுநர் ரசீதை நீட்டி, "யாரும்மா கையெழுத்துப் போடறது?" என்று கேட்டார். அவள் கிடங்குக்குள் கையைக் காட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.