ஒரே பென் டிரைவில்

வேல்பாண்டி பென் டிரைவைப் போட்டது சரி. போட்டுவிட்டு டீ குடிக்கப் போனதுதான் தப்பு. பொட்டிப்புரத்துக்குப் பக்கத்து ஊரில், ஓர் அறக்கட்டளை வைத்த குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் எதிரே நின்ற அவனுடைய மைக்செட் ஆட்டோ, “உங்கள் ஓட்டு விற்பனைக்கு அல்ல” என்று அந்த அறக்கட்டளையின் விழிப்புணர்வு வாசகத்தை முழங்கி முடித்தது. மூச்சுக்கூட விடாமல் அதே பெண்குரல், “பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நம்ம அண்ணன் பொன்னுராஜ்! நம்ம சின்னம் பூட்டு சாவி!” என்று குழைந்தது.

இரண்டையும் ஒரே பென் டிரைவில் கொடுத்தது அறக்கட்டளை மேலாளர் கர்ணன். வாங்கும்போது வேல்பாண்டிக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் மூளை ஆட்டோவைப் போலத்தான், தள்ளிவிட்டால்தான் கிளம்பும்.

குடத்தோடு நின்ற சுப்புத்தாய் சிரித்தாள். “ஏலே, விக்காதங்கிறதும் அவதான், வாங்க வர்றதும் அவதானா?” பிறகு சிரிப்பு நின்றது. “பொன்னுராஜு தோத்தா இந்த மெஷினக் கழட்டிட்டுப் போயிருவாகளா? எதுத்து நிக்கிற அனுசுயாவுக்குத்தான் ஓட்டுப் போட நெனச்சேன். ஆனா போர்வெல் தண்ணி எம் புள்ளைக்குச் சேரலையேப்பா.”

வேல்பாண்டி அங்கேயே கர்ணனுக்குப் போன் போட்டான்.

“நாங்க அரசியல் சார்பற்றவங்க தம்பி.”

“மெஷின் நிக்குமாண்ணே?”

“அதை மேலிடம் பார்க்கும்.”

அடுத்துக் கூப்பிட்டபோது பொன்னுராஜோ, “எல்லாம் ஜனங்க மனசுல இருக்கு” என்று போனை வைத்துவிட்டார். இரண்டு பதிலையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

அந்நேரம் மெஷினின் ஃபில்டரை மாற்ற ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் விஜி. அறக்கட்டளையில் வேலை, பிறந்தது இதே தெரு. வேல்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். “நீயாச்சும் சொல்லு ஆத்தா. இது யாரு காசு? மெஷினு நிக்குமா, போகுமா?”

விஜி சுப்புத்தாயின் காலிக் குடத்தைப் பார்த்தாள். “மைக்கை இங்கன குடுங்கண்ணே.”

“ஒன் வேலை போயிருமே!”

“ஒங்க வாடகையுந்தான் போகும். குடுங்க.”

நியாயம்தான். அவன் கொடுத்தான். இந்த முறை பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகவில்லை.

“காசு பொன்னுராஜ் மச்சினன் கம்பெனியோடது. எலெக்‌ஷனுக்காகத்தான் எங்க டிரஸ்டு வழியாக் குடுத்தாக. ஆனா மெஷினப் பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு, சாட்சிக் கையெழுத்து நாந்தான் போட்டேன். யாரு ஜெயிச்சாலும் இது இங்கனதான் நிக்கும். அத்தே, நீங்க நெனச்சவுகளுக்கே போடுங்க.”