பூட்டம்மாவின் சாவி

தையல்காரி மறுபடியும் எழுந்து வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, சடலத்தின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு இன்னும் ஒரு பாட்டம் அழுதாள். அழுகையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆடியபடியே இருந்தன.

மகள் அதைப் பார்த்தாள். விடியற்காலையில் அம்மா படுத்த படுக்கையிலேயே போய்விட்டாள். அப்போதிருந்து இந்த ஒற்றை அறையில் கால் வைக்க இடமில்லை. அம்மாவுக்காக இத்தனை பேர் அழுவார்கள் என்று மகள் நினைத்ததே இல்லை. சந்தின் பொதுக் கழிப்பறையைக் கழுவி, திறந்து, பூட்டிக்கொண்டிருந்தவள் அம்மா. அதனால் பூட்டம்மா. இருந்தவரை சந்தில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் கிடையாது. உள்ளே போனவர்கள் சற்றுத் தாமதித்தால் போதும், துடைப்பக் கட்டையால் கதவை இடிப்பாள். "உள்ள என்ன குடித்தனமா பண்ற? வெளிய சனம் நிக்குதுல்ல!" என்று தெருவே கேட்கக் கத்துவாள்.

எதிர்வீட்டுப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நிறைமாதக்காரி. முகம் வெளிறிக் கிடந்தது.

"கொஞ்சம் தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றாள் மகள்.

"ஐயோ, தண்ணி மட்டும் வேணாங்கக்கா!"

அவள் பதறிய பதற்றத்தில்தான் மகளுக்கு உறைத்தது. இன்று கழிப்பறை திறக்கவே இல்லை. சாவி எப்போதும்போல அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. சாவு வீட்டில் போய் எந்த வாயால் அதைக் கேட்பது? காலையிலிருந்து சந்து மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தது.

சவ வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்த தம்பி அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"பூட்ட ஒடைச்சிரலாமான்னு கேக்கறாங்கக்கா. வயசானவங்கள்லாம் தவிக்கிறாங்க. ஒடைச்சுத் தொலையட்டுமே."

"வேணாம்."

"இப்பப் போய் பூட்டுதான் முக்கியமா?"

"போன தடவை ஒடைச்சப்ப என்ன ஆச்சு? மறுநாளே ஒரு குழாய் விடாம எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிட்டானுங்க. பொம்பளைங்க இருட்டுல தண்டவாளத்து ஓரம் போனாங்க. அம்மாதான் டார்ச்ச வெச்சுக்கிட்டுக் காவல் நின்னா. மறந்துட்டியா?"

"அப்ப நீ எடுத்துக் குடு. நான் எப்படிக்கா அம்மா இடுப்புல போய்..." தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவளுக்கும் அதுதான் முடியவில்லை. போன வாரம் அம்மா கேட்டாள்: "எனக்கப்புறம் இந்தச் சாவி யாருக்குடி?"

"யாருக்கு வேணா குடு. என் தலையில மட்டும் கட்டிராத. பொறந்ததுலேருந்து உன் சேலையில பினாயில் நாத்தத்த மோந்தது போதும்."

துணிக்கடையில் கூட வேலை செய்பவர்களிடம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் அவள் சொல்லி வைத்திருக்கிறாள். அன்று அம்மா மறுபேச்சுப் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேச்சுக்குப் பேச்சு திட்டுகிறவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். போர்த்தியிருந்ததை விலக்கி, இடுப்பில் கயிற்றைத் தேடிப் பிடித்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. விரலுக்கு மசியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். சேலையில் பினாயில் வாசனை அடித்தது. முடிச்சு அவிழ்ந்த பிறகும் அவள் முகத்தை உடனே எடுக்கவில்லை.

சாவியோடு வெளியே வந்ததும் எல்லோரும் வழி விட்டார்கள். பிறகு சத்தமில்லாமல் பின்னாலேயே வந்தார்கள். அவள் ஆண்கள் பக்கத்தைத் திறந்துவிட்டு, பெண்கள் பக்கம் வந்தாள். இருப்பதே இரண்டு அறைகள். ஒன்றில் நிறைமாதக்காரியைக் கைத்தாங்கலாக விட்டாள். அடுத்து நின்றது தையல்காரி. அவள் நிற்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க போங்கக்கா."

"நீ போ மொதல்ல. நீயும் காலையிலேருந்து போகல. திரும்பி அங்க போனா உன்னை யாரு விடப்போறா?"

"உங்களால முடியாதுக்கா."

"முடியும் முடியும். போடி."

மகள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். சாவியை வைக்க இடமில்லை. ஆணி இல்லை, மாடம் இல்லை, தரையெல்லாம் ஈரம். கயிற்றை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டாள்.

காலையிலிருந்து அவள் தனியாக நின்ற முதல் இடம் இதுதான். குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் விழுந்த இரைச்சலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாளி நிறைந்து வழிந்து காலை நனைத்தது. மூடத் தோன்றவில்லை. அம்மா இருந்திருந்தால் இந்நேரம் துடைப்பக் கட்டை கதவில் இறங்கியிருக்கும். தன்னையறியாமல் அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. செருப்புகள் தேய்ந்தன. ஒரு குழந்தை சிணுங்க, யாரோ அதட்டி அடக்கினார்கள். தையல்காரி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்பது கதவின் அடி இடுக்கில் தெரிந்தது.

ஒருவரும் கதவைத் தட்டவில்லை.